பி.ஏ. முடிப்பதற்குள் கற்க வேண்டிய ஆபீஸ் வேலைகள்

தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ, கிருஷ்ணகிரியின் ஆடவர், மகளிர் அரசு கலைக் கல்லூரிகளிலோ பி.ஏ. படிப்பவருக்கு ஓசூர் ஒரு பஸ் தூரம்தான். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றை நம்பி உதிரிபாகக் கம்பெனிகள், லாரி ஆபீஸ்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளும் கிரானைட் யூனிட்டுகளும். இத்தனை இடத்துக்கும் ஆபீஸ் ஆள் வேண்டும். படித்தது வரலாறா, பொருளாதாரமா என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். லெட்டர் எழுதுவீர்களா, எக்செல் தெரியுமா என்பார்கள். வரும் எல்லோரும் "தெரியும்" என்றே சொல்வதால், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. நீங்களே செய்து முடித்த ஐந்தாறு வேலைகளை ஒரு ஃபைலில் போட்டு நீட்டுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். அந்த ஃபைலைச் சேர்க்க மூன்று வருடம் தாராளமாகப் போதும்.

முதல் வருடத்தில் டைப்பிங் மட்டும் போதும். அதிலும் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்பது பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசை. தமிழ்நாடு அரசு 1999-இல் கணினிக்கென ஏற்ற தமிழ்99 வேறு வரிசை. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பதவி இலக்கென்றால் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர், ஹையர் தேர்வுகளை எழுதுங்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தனியார் வேலைதான் என்றால் தமிழ்99 போதும். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங-க, ந-த, ம-ப போன்ற இணைகளுக்கும் அப்படியே. இரண்டு வரிசைகளையும் ஒரே வருடத்தில் பழகினால் விரல் குழம்பி இரண்டும் கெடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடுக்கு அரசே 2010-இல் மாறிவிட்டது.

லேப்டாப் இல்லாதவர்கள் ஓ.டி.ஜி. கேபிள் வழியாகப் போனில் சாதாரண கீபோர்டைச் செருகலாம். ஆங்கில டைப்பிங் பழகவும் கூகுள் ஷீட்ஸ் ஓட்டவும் அது போதும்.

அடுத்தது கடிதம். தமிழ் இலக்கியம் படித்தவர்கள்கூட இங்கே சறுக்குவதற்குக் காரணம், கட்டுரை எழுதிய பழக்கம். கட்டுரை முன்னுரையில் தொடங்கும். அலுவலகக் கடிதம் 'பொருள்' வரியிலேயே முக்கால்வாசி முடிந்துவிட வேண்டும். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், பார்வை, உடல், இணைப்பு, கையொப்பம் என்ற வரிசை பள்ளியிலேயே தெரிந்ததுதான். விடுபடுவது 'பார்வை'. ஏற்கெனவே ஒரு கடிதம் போயிருந்தால் அதன் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியும் அங்கே வர வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு எழுத்தர் பழைய கோப்பைத் தேட முடியாமல் உங்கள் தாளைப் புது மனுவாகப் பதிந்துவிடுவார்.

கற்பனைக் கடிதம் எழுதிப் பழகுவதில் பயனில்லை, உண்மையான ஒன்றை எழுதுங்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை வகுப்புக்கு நேரத்தில் பஸ் இல்லையென்றால், அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு பக்கம். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தத் தடம். இரண்டாவதில் எந்தெந்தத் தேதியில் பஸ் எத்தனை மணிக்கு வந்தது. ஒரு வாரம் குறித்து வைத்தாலே அது ஆதாரம். மூன்றாவதில் ஒரே ஒரு கோரிக்கை. நிழற்குடையும் சாலையும் தெருவிளக்கும் அதே தாளில் ஏறினால், மூன்றும் வேறு வேறு அலுவலகத்தின் வேலை என்பதால் ஒன்றும் நகராது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீது வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். கடிதத்தின் நகலும் ரசீதும் ஃபைலுக்கு.

கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் அந்த வேலை விழும். பயிற்சிக்குக் கிராமசபையை விட நல்ல இடம் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கூடும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். நோட்டில் மூன்று நெடுவரிசை (column) கோடு போடுங்கள்: பேசப்பட்டது, முடிவானது, யார் எப்போது செய்வது. கூச்சலும் வாக்குவாதமும் நடக்கும். யார் யாரைத் திட்டினார் என்பது குறிப்பில் வரக் கூடாது. முடிவு எதுவும் எடுக்காமல் விட்டார்கள் என்றால் அதையும் 'முடிவு இல்லை' என்றே எழுத வேண்டும். நாகரிகம் கருதி மழுப்பினால் குறிப்பே பொய்யாகிவிடும். அன்று இரவே ஒரு பக்கத்துக்குள் அடித்துவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் பாதி நினைவிலிருந்து வரும், அதில் பாதி தப்பாக இருக்கும்.

எக்செலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வகுப்பில் மார்க் பட்டியல் போட்டுக் காட்டி முடித்துவிடுவார்கள். நிஜமான கணக்கு அழுக்காக வரும், அதைக் கழுவுவதுதான் வேலை. மாம்பழ சீசன் மண்டி எடைக்கணக்கு போல 200 வரி உருவாக்குங்கள். தேதி, விவசாயி பெயர், ஊர், ரகம் (பெங்களூரா, அல்போன்சா...), வண்டி எண், மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை, விலை, தொகை. மொத்தம் 7,840 கிலோ, காலி வண்டி 3,260 என்றால் நிகரம் 4,580. இதைக் கையால் அடிக்காமல் ஃபார்முலா போடுங்கள். ஊர்வாரியாக எடை கூட்ட சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா, பிறகு கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள்.

எங்கெங்கே கெடும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 05.06.2025 என்று புள்ளி வைத்து அடித்தால் பல கணினிகளில் அது தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும், வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-06 என்பது ஜூன் 5-க்குப் பதில் மே 6 ஆகிவிடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், பிறகு மாற்றிப் பயனில்லை. 'பாலக்கோடு' என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தால் அதை இன்னொரு ஊராக எண்ணும். டிரிம் (TRIM) ஃபார்முலா போட்டால் தீரும். பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவில் கடைசி இடத்தில் ஃபால்ஸ் (FALSE) விட்டுப்போனால் ஏறக்குறையப் பொருந்துவதை எடுத்து வந்து காட்டும். பிழை என்று திரை சொல்லாது, தொகை மட்டும் தப்பும். செல்களை மெர்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) அழகுபடுத்துவதை விட்டுவிடுங்கள். வரிசைப்படுத்துவது (sort), ஃபில்டர் இரண்டும் அதில் மாட்டிக்கொள்ளும்.

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டப் பாடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லாகின் செய்து வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குவது ஒரு வகை. அதே பாடத்தின் பயிற்சிக் கோப்பை மேலே சொன்ன எடைக்கணக்கில் செய்து பார்ப்பது இன்னொரு வகை. இன்டர்வியூவில் செல்லுபடியாவது இரண்டாவதுதான்.

மொழி விஷயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் இருப்பதை எழுதாமல் விடுகிறார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேச்சுமொழி. பெங்களூருக் கஸ்டமரோடு பேச ஆள் தேடும் கம்பெனிக்கு அது பெரிய காரியம். பயோடேட்டாவில் பேச, படிக்க, எழுத என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பேச மட்டும் தெரிந்ததை 'தெரியும்' என்று போட்டால், எழுதச் சொல்லித் தாளைக் கொடுக்கும்போது அவமானம்.

மூன்றாம் வருடக் கோடை விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் வருடம் முடிந்த மே, ஜூனில் மண்டியிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ ஒரு மாதம் உட்காருங்கள். சம்பளம் சொற்பமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வேலை தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்பவரிடமோ, அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்பவரிடமோ போகாதீர்கள். வெளியே வரும்போது என்ன வேலை, எத்தனை நாள் என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

ஃபைலில் ஒவ்வொரு வேலைக்கும் மேலே ஒரு வரி: எதற்காகச் செய்தது, இதில் உங்கள் பங்கு எது. ஆபீஸில் செய்த தாள் என்றால் முதலாளியிடம் கேட்டுவிட்டே வெளியே எடுக்க வேண்டும். விவசாயி பெயர், போன் எண், ஆதார் எண், கணக்கு எண் எல்லாவற்றையும் மாற்றி எழுதி, புதிதாகப் பிரிண்ட் எடுங்கள். கறுப்பு ஸ்கெட்சால் அடித்தால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம்.