மூட்டு ஆங்கிள் டேட்டாவில இருந்து வேகம் எடுக்கிறது எப்பிடி

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில மூட்டு எவ்வளவு திரும்பினது எண்டு அளக்கிற என்கோடரை வாங்கி ரோபோ கை செய்யிற கம்பஸ் பிள்ளையள் அடிக்கடி கேக்கிறது இதுதான், ஆங்கிள் வடிவா வருது, ஆனா வேகத்தைக் கணிச்சா கிராஃப் முள்ளுப்பத்தை மாதிரிக் கிடக்கு, என்கோடர் பழுதோ எண்டு. பழுதில்லை. 12 பிட் என்கோடர் ஒரு சுற்றை 4096 படியாத்தான் பிரிக்கும், ஒரு படி கிட்டத்தட்ட 0.088 டிகிரி, 1 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா வாசிச்சு பக்கத்துப் பெறுமானங்களைக் கழிச்சா ஒரு படி மாறினாலே செக்கனுக்கு 88 டிகிரி எண்டு காட்டும், மாறாட்டி 0. இடையில ஒண்டுமே வராது. இன்னும் வேகமா சாம்பிள் எடுத்தா இன்னும் மோசம்.

முதல்ல சுற்று மாறுற இடத்தைப் பாருங்கோ. 359.8க்குப் பிறகு 0.1 வந்தா மூட்டு திரும்பினது 0.3 டிகிரிதான், ஆனா சும்மா கழிச்சா வேகம் செக்கனுக்கு மைனஸ் 359,700 டிகிரி எண்டு வந்து நிக்கும். பைதன்ர கணக்கு லைப்ரரி நம்பைல இந்தப் பாய்ச்சலைச் சரியாக்கிற அன்ராப் எண்ட ஃபங்ஷன் இருக்கு, டிகிரி எண்டா பீரியட் 360 குடுக்கோணும், இல்லாட்டி ரேடியன் எண்டு எடுத்திடும். முள்ளுகளைக் குறைக்கிற பில்டர் எல்லாம் இதுக்குப் பிறகுதான். டைம்ஸ்டாம்ப்பை மைக்ரோகொன்ட்ரோலரிலயே போடுங்கோ, யூஎஸ்பியால லப்டொப்புக்கு வந்து சேருற நேரத்தை நம்பேலாது.

இனிக் கணக்கு. அடுத்ததில இருந்து முந்தினதைக் கழிச்சு ரெண்டு இடைவெளியால பிரிக்கிற சென்ட்ரல் டிஃபரன்ஸ் பரவாயில்லை, ஆனா அந்த 88 வெறும் 44 ஆத்தான் குறையும். ரெக்கோட் பண்ணின டேட்டா எண்டா நான் சாவிட்ஸ்கி-கோலேதான் சொல்லுவன், 1964இல வந்த முறை, ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் 21 சாம்பிள் எடுத்து ஒரு வளைகோட்டைப் பொருத்தி அதின்ர சாய்வைத் தரும். இடைவெளி சமமா இருக்கோணும். பைதன்ர இன்னொரு லைப்ரரி சைப்பைல இதுக்கு டெரிவ் 1 (சாய்வு வேணும் எண்டு), டெல்டா 0.001 (சாம்பிள் இடைவெளி, செக்கனில) குடுங்கோ, டெல்டாவை விட்டா விடை 1000 மடங்கு சின்னனா வரும். ரெண்டு தொங்கல்லயும் பத்துப் பத்துப் புள்ளிய வெட்டி எறியுங்கோ.

ரோபோ ஓடேக்கையே வேகம் வேணுமெண்டா இது சரிவராது, இனி வரப்போற பத்து சாம்பிளை ஆர் தாறது? பழசை மட்டும் வச்சு பத்து சாம்பிள் பின்னுக்குப் போய்க் கழியுங்கோ, 88 எண்டது 8.8 ஆகும், விலையா 5 மில்லிசெக்கன் பிந்தும், அதால கெயினை, அதாவது பிழையைத் திருத்த மோட்டரை எவ்வளவு பலமாத் தள்ளுறது எண்ட எண்ணை, கூட்டினா கை நடுங்கத் தொடங்கும்.

மோட்டரில போட முதல், நடுவில இருந்து ரெண்டு பக்கமும் 30 டிகிரி வீச்சில செக்கனுக்கு ஒருக்கா ஆடுற சைன் அலையை உங்கட கோடுக்குள்ள விட்டுப் பாருங்கோ. உச்ச வேகம் 188.5 கிட்ட வரோணும். 94 வந்தா எங்கயோ ரெண்டால கூடப் பிரிச்சிருக்கிறியள், 3.29 வந்தா அது ரேடியன்.