கன்னியாகுமரியில் கிராமச் சுற்றுலா: ஆரம்பத்திலேயே நடந்துவிடும் தவறுகள்

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. கூட்டத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் சூரிய உதயம் பார்க்கிறார்கள், படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள், சங்கு, பாசிமாலை வாங்குகிறார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி குமரிமுனையைச் சுற்றியே நின்றுவிடுகிறது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பூ விவசாயிக்கோ, குலசேகரத்து ரப்பர்காரருக்கோ அதில் ஒரு பங்கும் இல்லை.

இதை மாற்றத்தான் அரசுகள் கிராமச் சுற்றுலாவைக் கையில் எடுத்திருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை 2023, கிராம மற்றும் தோட்டச் சுற்றுலாவைத் தனிப் பிரிவாகவே சேர்த்திருக்கிறது. கிராமச் சுற்றுலாவுக்கென்று ஒன்றிய அரசின் தேசிய வழிகாட்டித் திட்டம் 2022-ல் வந்தது. 2025-26 பட்ஜெட்டில், சொந்த வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் ஹோம்ஸ்டே தொடங்குகிறவர்களுக்குச் சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் அறிவித்தார்கள். நோக்கத்தில் குறையில்லை. ஊருக்குள் வந்து சேரும்போதுதான் கோணலாகிவிடுகிறது. வந்தவரை இன்னும் ஓர் இரவு தங்கவைத்து, அந்த இரவின் பணம் ஊரில் எத்தனை கைகளுக்குப் போகும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன கட்டலாம் என்பதிலிருந்தே எல்லோரும் தொடங்குகிறோம்.

நம்ம ஊர் பேப்பரில் கிராமமா?

வேடிக்கையான சிக்கல் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். தென்னந்தோப்பும் குளமும் வாழையுமாகக் கிடக்கிற ஊர்கள் பலவும், அரசுக் கணக்கில் நகரமாக எண்ணப்படும் பேரூராட்சிகள் என்பதே காரணம். திற்பரப்பு பேரூராட்சி, குலசேகரம் பேரூராட்சி, பறவைகள் இறங்கும் தேரூரும் பேரூராட்சிதான். ஊராட்சிகளுக்கென்று வரும் திட்டத்துக்குப் பேரூராட்சியிலிருந்து மனு போட்டால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே திரும்பிவிடலாம். ஆகவே திட்டத்தின் பெயரைப் பார்த்து மனு எழுதாதீர்கள். ஊராட்சிக்கா, பேரூராட்சிக்கும் உண்டா, தனிநபருக்கா, மகளிர் குழுவுக்கா என்று முதலில் கேட்டு வையுங்கள். தனிநபருக்கான கடனுக்கும் ஹோம்ஸ்டே பதிவுக்கும் பெரும்பாலும் இந்தத் தடை வராது.

புதுக் கட்டடம் என்னும் ஆசை

வீட்டுக்குப் பின்னால் இடம் கிடக்கிறது, நாலு அறை எழுப்பி ஏசி போட்டுவிடலாம் என்றுதான் முதல் யோசனை வரும். அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019 அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் அதிகமான ஊரகக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், நெருக்கம் குறைந்த இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானத் தடைப் பகுதி. அதே அறிவிக்கையில் மீனவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் சாதகமான ஒரு வரி இருக்கிறது. இருக்கிற வீட்டின் தரைப்பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த அனுமதிக்கலாம் என்கிறது அது. அதாவது, முட்டத்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஓட்டு வீட்டை அப்படியே சுத்தம் செய்து, கழிப்பறையைச் சீராக்கி விருந்தினரை ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. அதே வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினால் அந்த வழி அடைபட்டுப் போகும். இந்த வரி தெரியாமல் இடித்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மலையோரத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலைக் கிராமங்கள் சில மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வருகின்றன. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக ரப்பர் தோட்டத்துக்குள் காட்டேஜ் கட்டிவிட முடியாது. கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

கடன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் ரூபாய், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700. வருடத்துக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். இரண்டு அறை, ஓர் இரவுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கு மட்டுமே ஒவ்வோர் அறையும் வருடத்தில் 87 இரவு நிரம்ப வேண்டும். சாப்பாடு, சலவை, கரண்ட் எல்லாம் அதற்கு மேல்தான். ஐயப்ப சீசன், கோடை விடுமுறை, ஓணம், பூஜை விடுமுறை என்று நம்ம மாவட்டத்துக்குக் கூட்டம் வருவது சில மாதங்களில்தான். ஆனால் தவணை ஜூன் மாத அடைமழையிலும் வரும். இருக்கிற வீட்டில் சும்மா கிடக்கும் ஓர் அறையோடு தொடங்கி ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கிறவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே பதிவும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. ஒன்று முதல் ஆறு அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கை, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். துபாயில் இருக்கும் மகன் வாங்கிப்போட்ட பூட்டிய வீட்டை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு ஹோம்ஸ்டே என்று போர்டு வைத்தால், அது லாட்ஜ்தான்.

வளைவும் செல்ஃபி பாயிண்டும்

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் மேலான உயரத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிற நீண்ட தொட்டி. காமராஜர் காலத்துத் திட்டம், 1966-ல் முடிந்தது. வறண்டு கிடந்த மேட்டு நிலங்களுக்குப் பாசனம் கொண்டுபோகக் கட்டியது. வருகிறவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறார், கீழே எட்டிப் பார்க்கிறார், படம் எடுக்கிறார், இளநீர் குடிக்கிறார், அரை மணி நேரத்தில் காரில் ஏறிவிடுகிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வயலுக்குப் போகிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இந்த இடத்தில் இன்னொரு அலங்கார வளைவு கட்டினாலும் அவர் தங்கும் நேரம் ஐந்து நிமிடம்கூடக் கூடாது. அந்தத் தண்ணீரில் வாழை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் கால்வாய் வழியே தன் தோட்டம் வரை கூட்டிப்போய், மட்டி வாழைக் குலையைக் காட்டி, ஒரு சீப்பை விற்று அனுப்பினால் அரை மணி நேரம் மூன்று மணி நேரமாகும். இதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை. அதனாலேயே யாருக்கும் ஆர்வமும் இல்லையோ என்னவோ.

கேரளத்தைப் பார்த்து நாம் காப்பியடிப்பதும் தப்பான இடத்தில்தான். படகு வீடு, ஆயுர்வேத மசாஜ் என்று போகிறோம். 2007-08-ல் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியபோது அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் கொள்முதல். பெரிய ஹோட்டல்களுக்கான காய்கறியைக் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுப் பெண்கள் விளைவித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முனையில் இருக்கும் ஹோட்டல்களுக்கு அகஸ்தீஸ்வரம், தோவாளை மகளிர் குழுக்கள் கீரையும் தேங்காயும் வாழைப்பழமும் கொடுக்க வழி செய்தால், ஒரு சுற்றுலாப் பயணிகூட ஊருக்குள் வராமலே ஊருக்குப் பணம் வரும்.

சாப்பாட்டில் வரும் கூச்சம்

“மரச்சீனியைப் போய் விருந்தாளிக்குக் கொடுக்கதா?” என்று, மரவள்ளிக் கிழங்கைப் பற்றிக் கேட்கும் வீட்டுக்காரம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் பூரி மசாலா, இரவில் பன்னீர் பட்டர் மசாலா. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவருக்கு இதெல்லாம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும், தேங்காய் வறுத்தரைத்த உள்ளித் தீயல், சம்பா அரிசிச் சோறு, மீன் அவியல், கருப்பட்டிக் காபி, முந்திரிக்கொத்து, இவைதான் அவருக்கு வேறெங்கும் கிடைக்காதவை.

புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம்: 2021-ல் கன்னியாகுமரி கிராம்பு, 2023-ல் மட்டி வாழை, 2025-ல் தோவாளை மாணிக்கமாலை. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, விருந்தினர் தட்டில் இருப்பதோ வெளியூர்ப் பச்சை வாழை. பிள்ளைகளுக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் மட்டி என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கிலோ கேட்டு வாங்கிப் போவார்கள்.

வேலையைக் காட்சியாக்குவது

தோவாளைப் பூச்சந்தை விடியும் முன்பே சூடாகிவிடும். பிச்சி, மல்லி, கோழிக்கொண்டை, அரளி, சாக்கு சாக்காக இறங்கும். விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகளின் வண்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நேரத்தில் இருபது பேர் கேமராவோடு நடைபாதையை மறித்தால் தலைச்சுமைக்காரர் என்ன செய்வார்? திட்டத்தான் செய்வார். சந்தைக்கு நாலைந்து பேருக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள், படம் எடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள். சந்தை ஓய்ந்த பிறகு மாலை கட்டுகிறவர் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. மாணிக்கமாலைக்கு வெள்ளரளி, செவ்வரளி, நொச்சி இலை வேண்டும். இதழை மடித்து வரிசை வரிசையாகப் பின்னும்போது, முடிந்த மாலை பாய்போலத் தட்டையாக, ரத்தினம் பதித்த மாதிரித் தெரியும். ஒரு மணி நேரம் கற்றுக்கொடுப்பதற்குக் கூலி பேசி, அதை அவர் கையிலேயே கொடுங்கள். “சும்மா ரெண்டு நிமிஷம் காட்டுங்கண்ணே” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பேக்கேஜ் விலையில் ஐந்நூறு ரூபாய் சேர்க்கிற வேலைதான் ஊரில் பகையை வளர்ப்பது.

ரப்பரும் அப்படித்தான். பால் வெட்டு வெயில் ஏறுவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. விருந்தினர் ஒன்பது மணிக்கு எழுந்து வந்து வெட்டிக் காட்டச் சொன்னால் மரத்துக்குத்தான் காயம். எழுந்திருக்க முடிகிறவரைத் தலைவிளக்கோடு கூட்டிப் போங்கள். மற்றவர்களுக்கு, உறைந்த பாலைத் தகடாக உருட்டும் சீட்டு அடிப்பதும், அதைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையும் போதும்.

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஆளைக் கூட்டிப் போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், மனிதர்கள் வேடிக்கைப் பொருள் இல்லை. பழங்குடி கிராமங்களில் ஹோம்ஸ்டே அமைக்க ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்றில் புது அறைகளுக்கு 5 லட்சம், பழுதுபார்க்க 3 லட்சம், கிராமப் பொதுத் தேவைக்கு 5 லட்சம் என்று உதவித்தொகை உண்டு. அது அந்தக் குடும்பங்களுக்கான பணம். வெளியிலிருந்து ஒருவர் காணிக்காரர் பெயரைப் போட்டு ரிசார்ட் நடத்த முனைந்தால் கிராமசபையில் கேள்வி கேளுங்கள். மலையேற்றமும் அப்படியே. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024-ல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் காளிகேசம்–பாலமோர் பாதை இருக்கிறது. அதில் முன்பதிவு செய்து போகச் சொல்லுங்கள்.

கடலை எளிதாக எடுத்துக்கொள்வது

2024 மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. காற்றும் மழையும் இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே தூரக் கடலிலிருந்து வரும் பேரலை அது. வெளியூர்க்காரருக்கு அடையாளம் தெரியாது, கரைமடி வலை இழுக்கும் எந்தப் பெரியவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கடலோரத்தில் அறை கொடுக்கிறவர் இந்திய கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைக் காலையில் பார்த்து விருந்தினரிடம் சொல்வதும், “இன்னைக்கு எறங்காதீங்க” என்று கண்டிப்பாக நிறுத்துவதும் அவர் பொறுப்பு. விருந்தினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை வரும். அந்தத் தகவலையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காகிதங்கள்

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இதைத்தான். சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு அளவில் செய்கிறவருக்குக் கட்டணம் பெரிதில்லை, ஆன்லைனிலேயே முடியும். கேரளக் கோவளத்திலிருந்து வெளிநாட்டவர் நம்ம பக்கம் வருவது வழக்கம். அவர்கள் ஓர் இரவு தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரங்களை அதற்கான படிவத்தில் (முன்பு சி படிவம்) ஆன்லைனில் பதிய வேண்டும். வீட்டில் தங்கினாலும் விதிவிலக்கு இல்லை. பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படியேறும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலையில் அவர் படகுக்குக் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ குப்பை எடுப்பவரிடமும் முன்கூட்டியே பேசி மாதத்துக்கு ஒரு தொகை முடிவு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் மூட்டையைக் குளக்கரையில் போட்டுவிட்டு, 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்–தேரூர் குளங்களைப் பார்க்க வாருங்கள் என்று விளம்பரம் கொடுக்க முடியாது.