வீட்டிலேயே சைக்கிள் பராமரிப்பு: எண்ணெய் விடுமுன் அழுக்கை எடுங்கள்

செயினில் கரகரவென்று சத்தம் வந்தால் பலர் செய்வது ஒன்றுதான்: கறுத்துப்போன செயின்மேல் எண்ணெயை ஊற்றுவது. இரண்டு நாள் சத்தம் அடங்கும். ஆனால் ஒட்டியிருக்கும் மணல் அந்த எண்ணெயோடு சேர்ந்து ரோலருக்குள் (பல்சக்கரத்தின் பல்லில் உட்காரும் செயினின் குட்டி உருளை) இறங்கி, ஓடும்போதெல்லாம் இரும்பை அராவும். செயின் நீளும். நீண்ட செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். அழுக்கை எடுத்துவிட்டு எண்ணெய் விட ஒரு மணி நேரம் போதும்.

என்னென்ன வேண்டும்?

மண்ணெண்ணெய் 100 மில்லி; கிடைக்காவிட்டால் டீசல், அல்லது சைக்கிள் கடையில் விற்கும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்). பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ் இரண்டு, ஒரு வாளி தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூன், பழைய பனியன் துணி மூன்று. செயினுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, ரிம்முக்கு ஒன்று. இந்த மூன்றையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். செயின் துணி ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது.

எண்ணெயைப் பொறுத்தவரை செயினுக்கென்றே விற்கும் லூப் நல்லது. தையல் மிஷின் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், ஊட்டிக் குளிரில் உறைந்தும் போகும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டவும் துரு பிடித்த நட்டைக் கழற்றவும் உதவும். அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் விரைவில் வறண்டுவிடும்.

1. முதலில் செயின்

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். ஒரு துளி மண்ணெண்ணெய் பட்டாலும் பிரேக் கீச்சிடும், பிடிப்பும் போய்விடும். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றியபடி செயினின் மேல், கீழ், இரு பக்கம் என நான்கு முகங்களையும் தேயுங்கள். பிறகு செயினின் கீழ் ஓட்டத்தைத் துணியால் தளர்வாகப் பிடித்துச் சுற்றுங்கள். துணியை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பெடலைப் பின்னால் சுற்றும்போது கீழ்ச் செயின் முன்பக்கப் பல்சக்கரத்தை நோக்கித்தான் ஓடும், துணியோடு விரலையும் இழுத்துவிடும்.

துணியில் கறுப்பு குறைந்து சாம்பல் நிறம் வரும்வரை இதைச் செய்யுங்கள். கியர் சைக்கிளில் பின்புறம் தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களை மறக்காதீர்கள். அவற்றில் அழுக்கு தார்போல இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டி எடுங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஆகிற புளியும் எலுமிச்சையும் செயினுக்கு ஆகாது. கெட்டிப்படுத்திய எஃகில் அமிலம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். துரு நீக்கி போன்ற அமில, கார திரவங்களைச் செயினில் பயன்படுத்தக் கூடாது என்று சைக்கிள் உதிரிபாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

2. கழுவுதல்

லிக்விட் கலந்த தண்ணீரால் பாடி, மட்கார்டு, ரிம், கடைசியாகச் செயின் என்று துடைத்து, குவளையால் தண்ணீர் விடுங்கள். ஹோஸ் பைப்பை அழுத்திப் பீய்ச்சினால் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் பாரின் கழுத்து ஆகியவற்றில் உள்ள பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷ் ஆகாது என்பதும் இதனால்தான். துணியால் துடைத்துவிட்டு அரை மணி நேரம் காய விடுங்கள்.

3. எண்ணெய்

ஒவ்வொரு ரோலரின் மேலும் ஒரு சொட்டு. கியர் சைக்கிள் செயினில் 110 ரோலருக்குக் கூடக்குறைய இருக்கும், மொத்தமே ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் செலவாகும். பெடலைப் பின்னால் இருபது சுற்று சுற்றி, பத்து நிமிடம் ஊற விட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்கு உள்ளே. வெளியே பளபளப்பது மணலைப் பிடித்து வைக்க மட்டுமே உதவும். தொட்டுப் பார்த்தால் விரலில் லேசாகக் கறை படிந்தால் போதும், வழியக் கூடாது.

கியர் இல்லாத சைக்கிளில் செயினின் நடுப்பகுதியை மேலும் கீழும் ஆட்டினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதிகம் அசைந்தால் செயின் கழன்று விழும், அசையவே இல்லையென்றால் பேரிங் தேயும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கைக் கழற்றினால், மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

4. தேய்மானம் பார்க்க ஓர் அடி ஸ்கேல்

செயினின் மேல் ஓட்டம் விறைப்பாக இருக்கும்படி பெடலை அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேலின் பூஜ்ஜியத்தை செயின் கண்ணிகளைக் கோத்திருக்கும் சிறு ஆணிகளில் (பின்) ஒன்றின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோடு சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் போயிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும்போது பல் தாவும்.

5. பிரேக், காற்று

பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் மினுமினுக்கும் உலோகத் துணுக்குகளை ஊசியால் கிளறி எடுங்கள். ரிம்மைக் கீறுவது அவைதான். கட்டையில் உள்ள பள்ளக் கோடு மறைந்திருந்தால் ஜோடியாக மாற்றிவிடுங்கள். லீவரை முழுதாக இழுத்தாலும் ஹேண்டில் பாரைத் தொடக் கூடாது; தொட்டால் கேபிள் நுனியில் உள்ள திருகை இடப்பக்கமாக ஓரிரு சுற்றுத் திருப்புங்கள், கேபிள் இறுகும்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே பிஎஸ்ஐ அளவில் பொறித்திருக்கும். சாதா சைக்கிளில் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கினால், டியூப்பைக் கழற்றுமுன் வால்வ் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் ரப்பர் மக்கியிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும்.

வீல் பெண்டு, பெடல் அச்சில் ஆட்டம் இரண்டையும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பெடலை நீங்களே கழற்றுவதாக இருந்தால், இடப்பக்கப் பெடலின் மறை தலைகீழானது: வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.