வைக்கோல் கூடையில் கொண்டைக்கடலை: கேஸ் மிச்சம் பிடிக்கும் முறை

தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் கூடும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைவிட, அதே தண்ணீரை ஆவியாக்க ஏழெட்டு மடங்கு வெப்பம் வேண்டும். மணிக்கணக்கில் தளதளக்கும் சட்டியில் கேஸ் போவது அந்த வழியில்தான். கடலை வேகக் கொதி வேண்டியதில்லை, சூடு இறங்காமல் இருந்தால் போதும். கொதித்த பாத்திரத்தை வைக்கோல் அடைத்த கூடையில் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

கூடை தயார் செய்ய

22 செ.மீ. அகலமுள்ள 3 லிட்டர் பாத்திரத்துக்கு, 45 செ.மீ. வாய் அகலமுள்ள மூங்கில் கூடை சரியாக இருக்கும். அடியிலும் சுற்றிலும் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோலை அடையுங்கள். மேலூர், சோழவந்தான் பக்கம் உறவுக்காரர் இருந்தால் அறுப்பு முடிந்ததும் ஒரு கட்டு கேட்டு வாங்கலாம்; இல்லையென்றால் பழைய கம்பளியும் போர்வையும் போதும். வைக்கோலை இரண்டு நாள் வெயிலில் காயப் போடுங்கள், மதுரையில் அதற்கா பஞ்சம்! ஈர வைக்கோல் சூட்டைக் குடித்துவிடும், வாடையும் அடிக்கும்.

காலிப் பாத்திரத்தை நடுவில் வைத்து அமுக்கிக் குழி செய்து, குழிக்குள் பருத்தித் துணி விரியுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். மூடுவதற்கு, சாயம் போன சுங்குடிச் சேலையை உறையாகத் தைத்து வைக்கோல் திணித்த தலையணை ஒன்று. பலர் பக்கவாட்டை நன்றாக அடைத்துவிட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு விடுகிறார்கள். சூடு அந்த வழியாகத்தான் தப்பிக்கும்.

வேக வைக்க

1. அரை கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறப் போடுங்கள். 8 முதல் 10 மணி நேரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு எடை ஆகிவிடும்.

2. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்: உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கடலைத் தோலை இறுக்கிவிடும். வேறு வழியில்லையென்றால் இரண்டு சிட்டிகை ஆப்பச்சோடா. புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான்.

3. மூடி போட்டு, கொதி வந்ததும் சிம்மில் 15 நிமிடம். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடிக் கடலையை இதில் வைத்தால் வேகாது, கொஞ்சப் பொருள் சீக்கிரம் ஆறிவிடும்.

4. அடுப்பை அணைத்ததும் மூடியைத் திறக்காமல் குழியில் இறக்கித் தலையணையால் அமுக்கி மூடுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரமாக இருக்கக் கூடாது. கூடை அடுப்புக்குப் பக்கத்திலும் இருக்கக் கூடாது, வைக்கோல் நெருப்பு பிடிக்கும்.

5. மூன்று மணி நேரம் தொடாதீர்கள். ‘வெந்திருச்சா’ என்று ஒரு தடவை திறந்து பார்த்தால்கூட வேலை கெட்டுவிடும்.

6. திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். கடலை நசுங்காவிட்டால் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு இன்னொரு மணி நேரம் கூடையில் வையுங்கள். பழைய சரக்காக இருந்தால் இந்த இரண்டாம் சுற்று கட்டாயம் தேவைப்படும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கூடையில் எங்கோ சந்து இருக்கிறது. 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடந்த உணவு கெடும், அதைத் திரும்பச் சுடவைத்தும் நம்ப முடியாது.

ராஜ்மாவுக்கு ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள நச்சுப் பொருள் கொதியில்தான் அழியும். கூடைக்குப் போகும் முன் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும், இதில் சிம் வேண்டாம்.

குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஊறிய கடலையில் பெரிய மிச்சம் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கால் மாதிரி நெடுநேரம் வேகிற சாமானில்தான் லாபம் தெரியும். முதல் விசில் வந்ததும் சிம்முக்கு மாற்றி 30 நிமிடம். பிறகு விசில் எண்ண வேண்டாம், ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து வாங்கிய ஆவி. அணைத்து, சீறல் நின்றதும் வெயிட்டை எடுக்காமல் குக்கரையே கூடையில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எலும்பு கழன்று வரும். பாயாவுக்குத் தேங்காய் அரைத்து ஊற்றும்போது மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.