தொலூக்காவின் பச்சை சொரிசோ: பார்த்து வாங்க, வீட்டில் செய்ய

சொரிசோ என்பது மசாலா சேர்த்த பன்றிக்கறித் தொத்திறைச்சி. மெக்சிகோவின் சொரிசோ ஸ்பெயினுடையதைப் போல உலரவைத்தது அல்ல, பெரும்பாலும் வேகாத கறிதான். சமைக்காமல் வாயில் வைக்கக் கூடாது. ஒரே நீளமாக, இடையில் கட்டுப்போடாமல் வந்தால் அது லோங்கனிசா. யுகத்தானின் வயதோலித் ஊர் லோங்கனிசா அச்சியோட்டே விதையால் சிவந்து, புகைவாசம் அடிக்கும். வஹாகாவில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகச் சரம்கட்டித் தொங்கும்.

பச்சை நிறம் மெக்சிகோ நகரமான தொலூக்காவின் அடையாளம். பளீரென்ற பச்சை என்றால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். கீரையின் பச்சை சற்று மங்கல்தான்.

1 கிலோ பன்றித் தோள்கறிக்குக் கால்பங்கு கொழுப்பு இருக்கட்டும். ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தபின் கொரகொரப்பாக அரையுங்கள். சூடேறினால் கொழுப்பு இழுகிப் பசையாகும், பிறகு சரிசெய்ய முடியாது.

2 பொப்லானோ மிளகாயை (பெரியது, காரம் குறைவு) தீயில் சுட்டுத் தோலுரித்து, 3 செரானோ மிளகாய் (சிறியது, காரமானது), 100 கிராம் பசலைக்கீரை, ஒரு கட்டு கொத்தமல்லி, 4 பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி வினிகருடன் அரைக்கவும். கீரையை வதக்கி ஒட்டப் பிழிவது முக்கியம்; நீர் தங்கினால் வாணலியில் வறுபடாமல் வெந்துபோகும். 18 கிராம் உப்பு, ஓரிகானோ, வறுத்த பூசணி விதை சேர்த்துப் பிசையுங்கள்.

ஓரிரவு குளிர்பெட்டியில் ஊறட்டும். குடல் உறை கட்டாயமில்லை, எப்படியும் உதிர்த்துத்தானே டாக்கோவில் வைக்கிறோம்! உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வறுக்கவும். மிச்சத்தை இரண்டு நாளுக்குள் தீர்க்கவும், இல்லையேல் உறையவைக்கவும்.