தேனை முதலில் ஊற்றாதீர்கள்: சால்மன் கிண்ணச் சோற்றில் நடக்கும் தவறுகள்

புரட்டாசி முடிந்த வாரம் என் போனுக்கு மூன்று படங்கள் வந்தன. வெவ்வேறு வீடுகள், ஆனால் ஒரே காட்சி: கிண்ணத்தில் வெள்ளைச் சோறு, ஓரமாக வெள்ளரிக்காய், நடுவில் கரிக்கட்டை மாதிரி ஒரு சால்மன் துண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்கள் புரட்டாசியை விடாப்பிடியாகப் பிடிக்கிறவர்கள். இங்கே வாயில் அது "புர்டாசி". மாதம் முழுக்க கறி, மீன் கிடையாது. முடிந்ததும் மீன் ஆசை வரும். அந்த நேரம் பார்த்து, இங்கே தூண்டிலில் பிடிக்கிற ஷாட் மீனுக்குத் தடைக்காலம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தொடக்கூடாது. தூண்டில் போடுகிற மாமாக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் சால்மன் வாங்குகிறார்கள்.

நான் பிறந்தது தூத்துக்குடி. சமையல் வேலைக்கு என்று டர்பன் வந்து, சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். ஓட்டல் அடுப்படியில் நின்றவன் என்பதால் குடும்பத்தில் யார் வீட்டில் எது கருகினாலும் படம் எனக்குத்தான் வரும். அந்த மூன்று படங்களில் இருந்ததை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

தவாவைச் சூடாக்காமல் மீன் போடுவது, அடுப்பில் வைத்துவிட்டு போன் பார்ப்பது, இதையெல்லாம் சொல்லப் போவதில்லை. நான்கு பேருக்கு என் கணக்கு இது: 150 கிராம் துண்டுகள் நான்கு, சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, தேன் இரண்டு, வினிகர் ஒன்று, தண்ணீர் இரண்டு, பூண்டு இரண்டு பல், ஒரு துண்டு இஞ்சி. மீனைத் தவிர மற்றதெல்லாம் கலந்த சாஸ்தான் கிளேஸ்; மீன் மேல் பளபளவென்று பூசுவதற்கு. வேலை முடிந்து வந்து அரிசியைக் களைந்து வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் சாப்பாடு.

கேப் சால்மன், சால்மன் இல்லை

டர்பன் மீன்கடைகளில் 'கேப் சால்மன்' என்று எழுதியிருக்கும். விலையும் குறைவு. லாபம் என்று வாங்கி வந்து, வெள்ளைச் சதையைப் பார்த்துவிட்டு "மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொன்னவர்கள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை. கேப் சால்மன் என்பது கீல்பெக் மீனுக்கு இங்கே உள்ள இன்னொரு பெயர். ஆப்பிரிகான்ஸில் கீல்பெக் என்றால் மஞ்சள் வாய். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். நம் ஊர்க் கத்தாழை மீனின் குடும்பம். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் அருமையான மீன்தான். ஆனால் சால்மனில் இருக்கிற கொழுப்பு அதில் இல்லை. சால்மனுக்குச் சொன்ன நேரம் அதை அடுப்பில் வைத்தால் நார் நாராக வறண்டுவிடும்.

இங்கே கிடைக்கிற அசல் சால்மன் பெரும்பாலும் நார்வேயில் வளர்த்து ஐஸில் வருவது. கிலோ விலை ஆட்டுக்கறியைத் தாண்டும். அது கட்டாது என்றால் ட்ரவுட் வாங்குங்கள். லெசோத்தோவின் காட்சே அணையில் வளர்க்கிற ரெயின்போ ட்ரவுட் இங்கே வருகிறது. இளஞ்சிவப்புச் சதை, சால்மனுக்கு நெருங்கிய சொந்தம், துண்டு மட்டும் மெல்லிசு. நேரத்தில் இரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டால் போதும்.

நிறத்தைப் பார்த்து மீன் புதுசா என்று முடிவு கட்டாதீர்கள். வளர்ப்பு சால்மனுக்கு அந்த நிறமே தீனியில் சேர்க்கிற அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியால் வருவதுதான். முகர்ந்து பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஈரத்தோடு போடுவது

பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் அப்படியே தவாவில் வைப்பது. தோலில் ஈரம் இருக்கும்வரை அது பொரியாது, வேகும்; வெந்த தோல் தவாவோடு ஒட்டிக்கொள்ளும். கிச்சன் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒற்றி முடித்து இன்னொரு தாளால் மறுபடி ஒற்றுங்கள். முதல் தாள் ஈரத்தை எடுக்கும், இரண்டாவது தாள் உங்கள் அவசரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தோல் கீழே இருக்கும்படி வைத்து, முதல் பத்துப் பதினைந்து விநாடி தோசைத்திருப்பியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தோல் சுருண்டு நடுப்பகுதி தவாவைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு தொடாதீர்கள். தோல் முறுகியதும் மீன் தானே தவாவை விடும். கிளறிப் பார்க்கிற கைதான் தோலைக் கிழிக்கிறது.

கிளேஸை முதலிலேயே ஊற்றுவது

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

2011-ல் கல்யாணம் ஆன புதிது. மாமனாரும் மாமியாரும் முதல்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மாப்பிள்ளை சமையல்காரர் ஆயிற்றே, எதையாவது காட்ட வேண்டாமா? அதுவரை ஓட்டலில் நான் தந்தூரிப் பக்கம்தான் நின்றிருந்தேன். சால்மன் அடுப்பு வேறு ஆள் கையில். பார்த்துப் பழகியது போதும் என்ற தைரியம். ஐந்து துண்டு வாங்கினேன். தேன், சோயா சாஸ், இஞ்சி, பூண்டு எல்லாம் கலந்து, மத்தியானமே மீனை அதில் ஊறப்போட்டேன். சாயங்காலம் எண்ணெய் காய்ந்ததும் சாஸ் சொட்டச் சொட்ட எடுத்து வைத்தேன். ஒரு நிமிடம் வாசனை ஊரைக் கூட்டியது. இரண்டாவது நிமிடம் சீறல் அடங்கியது. அது அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியாது. மூன்றாவது நிமிடம் புகை. பதறிப்போய்த் திருப்பினால் அடிப்பக்கம் தார் ரோடு. பக்கவாட்டில் பார்த்தால் நடுச்சதை இன்னும் பச்சையாகப் பளபளக்கிறது. மூடி போட்டு வேகவைத்தேன். கரியின் கசப்பு ஆவியோடு மீன் முழுக்க இறங்கியது.

மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரிப்பட்டையைக் கரண்டியால் பதமாக உரித்து ஓரம் வைத்துவிட்டு, மாங்காய் ஆச்சாரைத் தொட்டுக்கொண்டு சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

போன மாதம் மைத்துனர் மகன், உம்லாங்காவில் தனியாக ஃபிளாட் எடுத்துப் போனவன், அதே தார் ரோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறான். ஏன்டா முதலிலேயே ஊற்றினாய் என்று கேட்டால், "ஊறினாத்தானே மாமா உள்ளே இறங்கும்?" என்கிறான். என் பதிலும் 2011-ல் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்தத் தவறு நம் வீட்டு மீன் வறுவலிலிருந்து வருகிறது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி அரை மணி ஊறவைத்துப் பொரிக்கிற கை, இங்கேயும் அதையே செய்கிறது. அந்த மசாலாவில் இனிப்பு இல்லை, அதனால் தாங்குகிறது. தேன் தாங்காது. தேனில் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். 110 டிகிரியிலேயே அது நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைச் சர்க்கரைகூட 160 டிகிரி வரை பொறுக்கும். மீன் பொரிக்கிற தவா 200 டிகிரியை எட்டி நிற்கிறது. சாஸில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், ஒன்றும் ஆகாது. தண்ணீர் போன அடுத்த நொடி சூடு எகிறும். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள சால்மன் வேக ஆறு நிமிடமாவது வேண்டும். தேன் அந்தத் தவாவில் தாக்குப்பிடிப்பது இரண்டு நிமிடம். இரண்டையும் ஒன்றாக வண்டியில் ஏற்றினால் ஒன்று பாதி வழியில் செத்துப்போகும்.

இதைச் சொன்னதும் பாதிப் பேர் "அப்போ தீயைக் குறைச்சிடறேன்" என்கிறார்கள். குறைத்தால் கருகாது, சரி. மீன் தன் நீரிலேயே புழுங்கி, தோல் கொழகொழவென்று ஆகி, இனிப்புக் குழம்பில் மிதக்கும். ஊறவைக்கிற ஆசையை விடாமல் தீயோடு பேரம் பேசுவதுதான் இது. பல மணி நேரம் சோயா சாஸில் கிடந்தால் அந்த உப்பு மீனின் நீரை இழுத்துச் சதையை வேறு கெட்டியாக்கிவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். மீனில் எண்ணெயும் மிளகுத்தூளும் மட்டும். தோல் பக்கம் மிதமான தீயில் நான்கைந்து நிமிடம். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்: அடியிலிருந்து வெளிர் நிறம் மேலே ஏறிவரும். முக்கால் பங்கு ஏறியதும் திருப்பி ஒரு நிமிடம். மீனைத் தட்டில் எடுத்து வையுங்கள். தவாவில் கிடக்கிற எண்ணெயைத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து, கலந்து வைத்த சாஸை ஊற்றுங்கள். முதலில் பொடிப்பொடியாக நுரைக்கும். பிறகு குமிழி பெரிதாகி, சோம்பேறித்தனமாக மெல்ல மெல்ல வெடிக்கும். அந்தக் குமிழியைத்தான் நீங்கள் எதிர்பார்த்து நிற்கிறீர்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடக்கூடாது. உடனே மீனைத் தோல் மேலே இருக்கும்படி வைத்து, அடுப்பை அணைத்து, சாஸைக் கரண்டியால் அள்ளி அள்ளிச் சதையின் பக்கவாட்டில் ஊற்றுங்கள். அரை நிமிட வேலை. கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அணையுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும்.

சாஸ் கருகிவிட்டால் அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கசப்பு போகாது. கொட்டிவிட்டு, தவாவைக் கழுவி, புதிதாகக் கலக்குங்கள். நாலு கரண்டி சோயா சாஸின் விலை என்ன, அந்த மீனின் விலை என்ன?

சிலர் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். கெட்டியாகும், மங்கலாகவும் ஆகும். ஜப்பான்காரர்கள் இந்த மாதிரிச் சமையலுக்கு வைத்த தெரியாக்கி என்ற பெயரில் 'தெரி' என்றாலே பளபளப்பு. மாவுக் கஞ்சியில் அது வராது.

சால்மனிலிருந்து வெள்ளையாக வடிவது

கெட்டுப்போனது இல்லை, கொழுப்பும் இல்லை. சூட்டில் சதை இறுகி வெளியே தள்ளுகிற புரதம். கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. துண்டு முழுக்க வெள்ளைப் படலம் என்றால் தாண்டிவிட்டீர்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுச்சதை 52 டிகிரியில் இறக்குகிறேன். தட்டில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். வீட்டில் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருந்தால் இந்த ருசிக் கணக்கு வேண்டாம். 63 டிகிரி வரை வேகவையுங்கள்.

உப்பு

போடாதீர்கள். சோயா சாஸ் போதும்.

சோறு

மீனை முடித்துவிட்டு அரிசி களைகிறவர்களை என்ன சொல்ல.

எந்த அரிசி என்பதில் மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். தென்னாப்பிரிக்க வீடுகளில் பெரிய பாக்கெட்டில் இருப்பது நீள அரிசியைப் புழுக்கியது. உதிரி உதிரியாக வரும். பிரியாணிக்கும் பீன்ஸ் கறிக்கும் அது சரி; கிண்ணத்தில் போட்டால் சாஸ் அடியில் தேங்கி, மேலே இருக்கிற சோறு வெறுஞ்சோறாக நிற்கும். குட்டை அரிசியோ ஜாஸ்மின் அரிசியோ லேசாக ஒட்டிக்கொண்டு சாஸைப் பிடித்து வைக்கும். வடிக்காதீர்கள். குட்டை அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, ஒரு கப்புக்கு ஒண்ணேகால் கப் தண்ணீர், மூடி போட்டுச் சின்னத் தீயில் பன்னிரண்டு நிமிடம், அணைத்துப் பத்து நிமிடம் திறக்காமல். என் வீட்டுக்காரி பாஸ்மதியில்தான் செய்வாள். அவளிடம் நான் இதைப் பேசுவதில்லை.

நேற்றுச் சோற்றைச் சூடாக்கிப் போடுவதென்றால், அது நேற்று ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க அடுப்பு மேலே இருந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி விஷம் சேர்த்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் அந்த விஷம் அழியாது.

நல்லெண்ணெய்

இந்த மாதிரிக் கிண்ணச் சோற்றில் வருகிற எள்ளெண்ணெய் வேறு. அது வறுத்த எள்ளில் எடுத்தது, கடைசியில் நாலு சொட்டு. கருப்பட்டி போட்டு ஆட்டிய நம் எண்ணெயை அதற்குப் பதில் ஊற்றினால் இட்லிப் பொடி ஞாபகம்தான் வரும்.

பக்கத்தில் வைக்கிறது எல்லாம் இனிப்பாக இருப்பது

கிளேஸ் இனிப்பு. அதோடு ஸ்வீட்கார்ன், மாம்பழம், மேலே இனிப்பு மயோனைஸ் என்று அடுக்கினால் நாலாவது வாயில் திகட்டும். இதற்காக ஜப்பானிய ஊறுகாய் தேடி அலைய வேண்டாம். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றுகிற பன்னி சௌவோடு வைக்கிற கேரட் சம்பல் இருக்கிறதே: துருவிய கேரட், பச்சை மிளகாய், வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. சிலர் அதில் சர்க்கரை போடுவார்கள், நீங்கள் போடாதீர்கள். என் மாமியார் கொஞ்சம் வெங்காயமும் நறுக்கிப் போடுவார். அது சால்மனுக்கு இன்னும் பொருத்தம். அவகாடோ போடுவதென்றால் சோற்றின் ஆவி அடங்கியதும் போடுங்கள்.

மிச்சத்தை மைக்ரோவேவில் வைப்பது

ஆபீஸில் அதைச் செய்தால் பக்கத்து மேசைக்காரர் ஒரு வாரம் பேசமாட்டார். மீனை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர்ச்சியாகவே உதிர்த்து, சூடான சோற்றின் மேல் போட்டு, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். மறுநாளுக்குள். மைத்துனர் மகன் இப்போது இரண்டு துண்டு கூடுதலாகப் பொரிப்பதே இதற்குத்தானாம். போன வாரம் படம் அனுப்பியிருந்தான். ஒரு துண்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கருப்பு.