முதல் குதிரைக்கு ஒரு நாள் அட்டவணை

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன தீனி போடலாம்?" என்றுதான். எத்தனை மணிக்குப் போடுவது என்று கேட்பவர் குறைவு. குதிரையின் இரைப்பை சிறியது. அது காலியாகக் கிடந்தாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பட்டினி போட்டுவிட்டு மொத்தமாக அள்ளிக் கொட்டினால் வயிற்றுவலி வரும், உயிரே போகலாம்.

300 கிலோ எடையுள்ள குதிரை என்று வைத்துக்கொள்வோம்.

காலை 6 மணி: தீனி வாளியைத் தொடுவதற்கு முன் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தைப் பாருங்கள். குதிரை நாளொன்றுக்கு 8 முறையாவது லத்தி போட வேண்டும். இரவு முழுக்க எதுவும் இல்லை, தீனி மிச்சம் கிடக்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, புரள்கிறது என்றால் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நாளைக்கு 25 லிட்டராவது குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம்.

அப்புறம் காய்ந்த புல். நாளுக்குச் சுமார் 6 கிலோ. அதை நான்கு வேளையாகப் பிரித்து, இரவுப் பங்கைப் பெரிதாக வையுங்கள். ஊறவைத்த கொள்ளு கடைசியில், அளவாக. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பது சும்மா சொன்னதில்லை, கேட்கும்போதெல்லாம் கொடுக்காதீர்கள். நேப்பியர் புல்லும் தவிடும் மட்டுமே போட்டு வளர்த்தால் எலும்பு பலவீனமாகும், குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனமும் கலந்து கொடுங்கள். எந்தத் தீனியையும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

7 மணி: குளம்பு. தோளை ஒட்டி, வால் பக்கம் பார்த்து நின்று, கையைக் காலோடு கீழே வழித்துத் தூக்குங்கள். கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள். நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியில் குத்திவிடக் கூடாது. நாற்றமோ சூடோ இருந்தால் கவனியுங்கள். லாடக்காரர் 6 வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். பிறகு உடம்பைத் தேய்த்துவிடுங்கள், சேணம் அழுத்தும் இடத்தை நன்றாக.

கொள்ளு தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது கழித்தே சவாரி.

மதியம் 12 மணிக்குப் புல்லும் தண்ணீரும். மாலை 5 மணிக்குப் புல், மறுபடி குளம்பு. இரவு 9 மணிக்குக் கடைசிப் புல்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லையா? நேரத்தை மாற்றாதீர்கள், கொள்ளு அளவை மட்டும் பாதியாக்குங்கள். முழுத் தீனி தின்றுவிட்டுச் சும்மா நின்ற குதிரைக்குத் திங்கட்கிழமை தசை இறுகிப்போவதுண்டு.